இயந்திரத்தை மறுத்தவர்களுக்கும் ஓர் அலகு வேண்டும்

பொறியியல் பாடத்திட்டக் குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் இயந்திரவியல் துறை ஆசிரியர் நான். என் பாடங்கள் வெப்பவியலும் இயந்திர வடிவமைப்பும். 2021 ஒழுங்குமுறையில் முதலாமாண்டு மாணவர்களுக்கென்று நீங்கள் சேர்த்த ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ தாளை யார் எடுப்பது என்று எங்கள் கல்லூரியில் இழுபறி வந்தபோது, அது என் தலையில் விழுந்தது. இப்போது யார் கேட்டாலும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஒரே ஒரு கிரெடிட், 15 மணி நேரம், ஐந்து அலகு. நெசவும் பானையும், கட்டடம், உலோகமும் கப்பலும், ஏரிப் பாசனம், கடைசியில் கணித்தமிழ். சோழர் காலத்து ஏரி மதகான குமிழித் தூம்பைப் பலகையில் வரைந்து, நீரோடித் துளை எது, சேறோடித் துளை எது, திறந்துவிட்டால் வண்டல் எப்படித் தண்ணீரோடு சேர்ந்து தானாக வெளியேறுகிறது என்று காட்டும்போது, போனை நோண்டிக்கொண்டிருக்கும் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து பார்க்கும். அதற்காக முதலில் உங்களுக்கு நன்றி.

இந்த மடல் ஒரு கோரிக்கைக்காக. அந்தத் தாளில் ஆறாவதாக ஓர் அலகு சேருங்கள். இயந்திரமே வேண்டாம் என்றும், இந்த இயந்திரம் வேண்டாம் என்றும், இவ்வளவு போதும் என்றும் காரணத்தோடு வாதாடியவர்களுக்கான அலகு. மூன்று மணி நேரம் ஒதுக்கினால் போதும். இப்போதுள்ள ஐந்து அலகுகளும் ஒரே குரலில் ‘நாங்களும் செய்தோம்’ என்கின்றன. சொல்லட்டும், அதில் பெருமைப்பட நிறையவே இருக்கிறது. ஆனால் 1892இல் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்காயராகத் தேறி, அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்து, இயந்திரத் தொழிலுக்கு எதிரான வாதத்தை அடுக்கடுக்காகக் கட்டியெழுப்பிய ஜே. சி. குமரப்பாவின் பெயர், தமிழரையும் தொழில்நுட்பத்தையும் பற்றிய தாளில் ஓரிடத்திலும் இல்லை. தமிழர் தொழில்நுட்பத்தைச் செய்தார்கள். அதைப் பற்றி யோசிக்கவும் செய்தார்கள் என்பது மாணவருக்குத் தெரிய வேண்டாமா?

ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் ஒரே கேள்வியைக் கேட்கிறேன்: தொழில்நுட்பம் நல்லதா, கெட்டதா? பதிலும் ஆண்டுதோறும் ஒன்றேதான். “சார், கத்தி மாதிரி. பழமும் நறுக்கலாம், ஆளையும் குத்தலாம். யூஸ் பண்றவன் கையிலதான் இருக்கு.” பள்ளிப் பேச்சுப்போட்டிக் காலத்திலிருந்தே மனப்பாடமாக வருகிற பதில். நான்கு ஆண்டு படித்து முடித்து வேலைக்கான நேர்காணலுக்குப் போகும்போதும் அவர்களிடம் இருப்பது இதே பதில்தான். அதன்மேல் நாம் ஒரு வரிகூடச் சேர்த்து அனுப்புவதில்லை.

அறநெறிப் பாடத்தில் போபாலையும் செர்னோபிலையும் சொல்லித் தருகிறோமே என்பீர்கள். சொல்லித் தருகிறோம். அவை இயந்திரம் கைமீறிப்போன கதைகள். பாதுகாப்பு அமைப்பு வேலை செய்யவில்லை, எச்சரிக்கையை யாரும் மதிக்கவில்லை, நிர்வாகம் காசைப் பார்த்தது. அவற்றுக்கு மருந்து பொறியியலுக்குள்ளேயே கிடைத்துவிடும்: இன்னும் நல்ல வால்வு, இன்னும் கறாரான விதி. குமரப்பா போன்றவர்களின் கேள்வி அங்கே இல்லை. எந்தப் பழுதும் இல்லாமல், நல்லவர் ஒருவர் கையில், விற்றவர் சொன்னபடியே ஓடுகிற இயந்திரம் என்ன செய்கிறது? இதற்குக் கத்தி உவமை பதில் சொல்லாது.

நெல் அரைக்கும் மில்லை எடுத்துக்கொள்வோம். எங்கள் மாணவர்களில் டெல்டாக்காரர்கள் அதிகம், அதனால் இதை விளக்க எனக்கு ஸ்லைடே தேவைப்படுவதில்லை. வெவ்வேறு வேகத்தில் எதிரெதிராகச் சுழலும் இரண்டு ரப்பர் உருளைகளுக்கு நடுவே நெல் விழுகிறது. வேக வேறுபாட்டில் உமி உரிகிறது. அந்த இடத்தில் நிறுத்தினால் கையில் கிடைப்பது தவிட்டோடு கூடிய பழுப்பரிசி. பெரும்பாலும் யாரும் அங்கே நிறுத்துவதில்லை. அடுத்த இயந்திரம் அதைத் தீட்டி வெள்ளையாக்குகிறது.

ஏன் தீட்ட வேண்டும்? வெள்ளைச் சோற்றின் மேல் ஆசை என்பது பாதிக் காரணம்தான். தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. அதைச் சிதைக்கிற நொதியும் அங்கேயே இருக்கிறது. உமியை உரித்து மணியைக் கீறிவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று சேரும். நாள்பட்டால் அரிசி காறும். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வீட்டில் குத்திக்கொள்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. டன் கணக்கில் அரைத்து, குடோனில் அடுக்கி, லாரியும் ரயிலும் ஏற்றி, மாதக்கணக்கில் கழித்து விற்பவருக்கு அது நேரடி நஷ்டம். மில் முதலாளி உத்தமராகவே இருக்கட்டும், அவர் தீட்டித்தான் ஆக வேண்டும். பெரிய மில்லுக்குத் தூரத்துச் சந்தை வேண்டும், தூரத்துச் சந்தைக்குக் கெடாத அரிசி வேண்டும், அரிசி கெடாமலிருக்கத் தவிடு போக வேண்டும். இதில் கத்தி யார் கையில் இருந்தது? மில்லை வாங்கும்போதே தவிட்டின் விதி முடிவாகிவிட்டது. நிறுவுகிற பொறியாளர் அதை யோசித்திருக்கவே மாட்டார், ஏனென்றால் அவருக்கு நாம் கற்பித்தது உருளையின் வேகமும் பெல்ட்டின் இழுவிசையும் மட்டும்தான்.

தவிடு போனதன் விலை என்ன என்பது ஜாவாவில் தெரியவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான், தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதையும், தீட்டாத அரிசிக்கு மாற்றியதும் அவை தேறி எழுவதையும் கண்டார். சத்துக் குறைவால் மனிதருக்கு நரம்பு தளரும் பெரிபெரி நோயின் முடிச்சு அங்கேதான் அவிழத் தொடங்கியது. 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தமிழ்நாட்டை அந்த நோய் பெரிதாகத் தாக்காததற்கு ஒரு முக்கியக் காரணம் புழுங்கல். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுவதால், அப்புறம் தீட்டினாலும் முழுக்கப் போய்விடாது. பச்சரிசி உண்ட கோதாவரி, விசாகப்பட்டினம் பக்கங்களில் கதை வேறாக இருந்தது. புழுங்கல் உங்கள் பாடத்திட்டத்தில் இல்லை என்பதையும் போகிறபோக்கில் சொல்லி வைக்கிறேன். தூம்புக்குச் சற்றும் சளைத்த நுட்பமல்ல அது.

1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவில் இருந்து நடத்தியபோது குமரப்பா கைக்குத்தல் அரிசிக்காக வாதாடியது இந்தப் பின்னணியில்தான். அடிப்படையில் அவர் கணக்கு பார்க்கிற மனிதர். மில்லின் வரவு செலவில் வராத பத்திகளை அவர் எழுதிச் சேர்த்தார்: சத்துக்கு ஒரு பத்தி, ஊரிலேயே தங்கியிருக்க வேண்டிய கூலிக்கு ஒரு பத்தி. அந்த வாதத்துக்குச் சட்டத்திலும் இடம் கிடைத்தது. 1958ஆம் ஆண்டின் அரிசி ஆலைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டப்படி, புதிய ஆலைக்கு அனுமதி தருவதற்கு முன், அதனால் அந்த வட்டாரத்தில் பெருமளவில் வேலை போகுமா என்றும் பார்க்க வேண்டியிருந்தது. ஓர் இயந்திரத்தை உள்ளே விடுமுன் இப்படிக் கேட்கிற சட்டம் ஒன்று இந்த நாட்டில் இருந்தது என்று சொன்னால் மாணவர்கள் நம்ப மறுக்கிறார்கள். 1997இல் அதை நீக்கிவிட்டார்கள்.

இப்போது அடுத்த கட்டம். 2021 சுதந்திர தின உரையில் செறிவூட்டிய அரிசித் திட்டம் அறிவிக்கப்பட்டு, 2024க்குள் நாடு முழுக்க ரேஷன் கடைகளுக்குப் போனது. அரிசியை மாவாக்கி, அதில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 கலவையைச் சேர்த்துப் பிசைந்து, அச்சில் அழுத்தி மறுபடியும் அரிசி மணி போலவே வெட்டி எடுத்து, நூறு பங்கு சாதா அரிசிக்கு ஒரு பங்கு என்று கலந்தார்கள். பாலிஷில் போனதெல்லாம் இதில் திரும்பி வருவதில்லை. பி12 அரிசியில் முதலிலிருந்தே கிடையாது. சோகை நோய் நிஜமான பிரச்சினை. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனாலும் வரிசையைப் பாருங்கள். சத்தை உரித்தெடுக்க ஓர் இயந்திரம், வேறு சத்தைத் திணிக்க இன்னோர் இயந்திரம், அதற்குக் கலவை தயாரிக்க ஓர் ஆலை, சரியாகக் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஓர் ஆய்வகம். எல்லாம் சரியாக நடந்து, அரிசி வீட்டுக்கு வந்து, முறத்தில் கொட்டியபோது என்ன ஆனது? கொஞ்சம் வேறு நிறத்தில், தண்ணீரில் மிதக்கிற மணிகளைப் பார்த்து, “பிளாஸ்டிக் அரிசியைக் கலந்துட்டாங்க” என்று பெண்கள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாசலில் எறிந்தார்கள். அவர்களைப் படிக்காதவர்கள் என்று சிரிப்பது எளிது. தங்கள் சோறு எங்கே, எப்படித் தயாராகிறது என்பதை அறியும் வழி அவர்கள் கையைவிட்டு எப்போதோ போய்விட்டது. தவிட்டோடு சேர்ந்து போனது அதுவும்தான். ஒரு தொழில்நுட்பத்தின் விளைவைச் சரிசெய்ய அடுத்த தொழில்நுட்பம், அதைச் சரிசெய்ய அதற்கடுத்தது என்று போகிற இந்தச் சங்கிலியைப் பற்றி உலகம் முழுக்கத் தத்துவக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் மாணவருக்கு அவர்கள் எல்லாம் வேண்டாம். ஒரு ரேஷன் பை போதும்.

இந்த இடத்தில் வகுப்பில் ஒரு மாணவி எழுந்தாள். “சார், முன்னாடி நெல்லு குத்தினது யாரு?” அந்தக் கேள்விக்காகத்தான் இந்த அலகே வேண்டும் என்கிறேன். விடியும் முன் உரலடியில் நின்று, கை காய்த்துப்போக உலக்கை போட்டவர்கள் பெண்கள். மில் வந்ததும் நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்களும் அவர்கள்தான். குமரப்பாவின் சங்கம் இதைக் கவனிக்காமல் இல்லை. தீட்டாமல் உமியை மட்டும் நீக்கும் திரிகைகளைத் திருத்தி அமைத்துப் பரப்பினார்கள். இருந்தாலும் இந்தக் கேள்விக்கு அந்தத் தரப்பு தந்த பதில் எனக்குப் போதவில்லை. உழைப்பின் மேன்மையைப் பேசியவர்களில் எத்தனை பேர் உலக்கை பிடித்தார்கள் என்று கேட்க அந்தப் பெண்ணுக்கு முழு உரிமை உண்டு. கேட்கட்டும். குமரப்பாவை மாலை போட்டு வைக்கச் சொல்லி நான் எழுதவில்லை, அவரோடு மல்லுக்கட்ட ஒரு மேடை கேட்கிறேன்.

எதிர்ப்பு என்றால் உடைப்பது, ஒதுங்குவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இதை மாற்ற எனக்குக் கைகொடுப்பது ராட்டைப் போட்டி. 1929இல், கை நூற்பை வளர்க்கக் காந்தி தொடங்கிய அகில பாரத சர்க்கா சங்கம் நல்ல ராட்டை ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. அன்றைய ஒரு லட்சம்! அதன் நிபந்தனைகளை நான் பலகையில் எழுதிப்போடுவேன். சாதாரணக் குடிசைக்குள் கையாலோ காலாலோ இயக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு பெண் பெரிதாகக் களைத்துப்போகாமல் தொடர்ந்து எட்டு மணி நேரம் அதில் வேலை செய்ய முடிய வேண்டும். 12 முதல் 20 வரையிலான எண் நூல் (எண் கூடினால் நூல் மெலிது) வர வேண்டும். இந்தியாவிலேயே 150 ரூபாய்க்குள் செய்ய முடிய வேண்டும். வேளாவேளைக்குப் பராமரித்தால் 20 ஆண்டு ஓட வேண்டும். தேய்ந்த பாகங்களை மாற்றும் செலவு ஆண்டுக்கு விலையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

வடிவமைப்பு ஆசிரியன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிடச் சுத்தமான வடிவமைப்புக் குறிப்பை நான் பார்த்தது குறைவு. நாங்கள் மாணவருக்குக் கொடுக்கும் பயிற்சிகள் குதிரைத்திறனில் தொடங்கும், சுழல்வேகத்தில் தொடங்கும். இது அதை ஓட்டப்போகிறவரின் உடம்பில் தொடங்குகிறது. அவர் எங்கே உட்காருவார், எவ்வளவு நேரத்தில் களைப்பார், கெட்டுப்போனால் யாரிடம் போவார், அதற்கு அவரிடம் காசு இருக்குமா. பெரிய இயந்திரத்துக்கு ‘மாட்டேன்’ சொன்னவர்கள் உட்கார்ந்து எழுதிய பட்டியல் இது. போட்டியில் யாருக்கும் பரிசு கிடைக்கவில்லை, நிபந்தனை அவ்வளவு கடினம். பின்னால் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன், ஆலையில் ஓடும் ரிங் ஃபிரேம் என்ற நூற்பு இயந்திரத்தின் முறையையே சுருக்கி, ஒன்றுக்கு மேற்பட்ட கதிர்களோடு கையால் சுற்றும் ராட்டை ஒன்றை உருவாக்கினார். அவர் பெயரை ஒட்டித்தான் அது அம்பர் சர்க்கா ஆனது. நெசவு முதல் அலகிலேயே வருகிற தாளில் இந்த மனிதருக்கு ஒரு வரி இல்லை.

காந்தியை நீங்கள் தவிர்ப்பதற்குக் காரணம் புரிகிறது. 1909இல் இங்கிலாந்திலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பும் கப்பலில் அவர் எழுதிய ‘இந்து சுயராஜ்யம்’ ரயிலையும் வக்கீலையும் மருத்துவரையும் ஒரே மூச்சில் சாடுகிறது. அதைப் பதினெட்டு வயதுப் பையனிடம் கொடுத்தால் பத்து நிமிடத்தில் மூடி வைப்பான். அதற்குப் பதிலாக 1924இல் நடந்த ஓர் உரையாடலைக் கொடுங்கள். எல்லா இயந்திரத்துக்கும் நீங்கள் எதிரியா என்று ஒரு மாணவர் காந்தியைக் கேட்கிறார். கேட்டவர் ஜி. ராமச்சந்திரன், பிற்காலத்தில் சௌந்தரம் அம்மையாரோடு சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர். இந்த உடம்பே நுட்பமான இயந்திரம், நான் எப்படி எதிர்ப்பேன் என்கிறார் காந்தி. இயந்திரப் பித்துதான் தனக்கு ஆகாது என்கிறார். சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்குக் கொடுக்கிறார். மனைவி கைவலிக்கத் தைப்பதைப் பார்த்து இரக்கப்பட்டு சிங்கர் அதைச் செய்தார் என்றும் ஒரு கதை சொல்கிறார். (ஐசக் சிங்கரின் குடும்ப வாழ்க்கை அவ்வளவு உருக்கமானதல்ல. பல பெண்களிடம் அவருக்கு 24 பிள்ளைகள். காந்திக்கு அது தெரிந்திருக்காது.) ராமச்சந்திரன் விடவில்லை. தையல் இயந்திரம் செய்யவே ஒரு பெரிய ஆலை வேண்டுமே என்று மடக்குகிறார். வேண்டும், ஆனால் அது அரசுடைமையாக இருக்கட்டும் என்று காந்தி இறங்கி வருகிறார். கொள்கை ஒரு நல்ல கேள்வியில் எப்படி வளைகிறது, எங்கே வளைய மறுக்கிறது என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் பக்கங்கள் இல்லை.

இங்கிலாந்தின் லட்டைட்டுகளையும் பத்து நிமிடம் சொல்லலாம். 1811இல் நாட்டிங்காமில் கிளம்பிய அவர்கள் இயந்திரம் என்றால் என்னவென்று அறியாத பட்டிக்காட்டார் இல்லை. காலுறைப் பின்னல் இயந்திரத்தில் வாழ்நாளெல்லாம் வேலை செய்த தேர்ந்த தொழிலாளிகள். மட்டமான சரக்கை மலிவாகத் தள்ளவும் கூலியைக் குறைக்கவும் பயன்பட்ட இயந்திரங்களைப் பார்த்துப் பார்த்து உடைத்தார்கள். 1812இல் இயந்திரம் உடைத்தால் மரண தண்டனை என்று சட்டமே வந்தது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் தன் முதல் பேச்சிலேயே அதை எதிர்த்தார். இன்று அவர்கள் பெயர் வசைச்சொல்லாகச் சுற்றுகிறது.

இதையெல்லாம் வகுப்பில் சொல்லாவிட்டால் மாணவருக்குத் தெரியாமலே போய்விடும் என்று நீங்கள் நினைத்தால், அது நடக்காது. போனில் தேடினால் முதலில் மாட்டுகிறவர்களில் ஒருவர், கணிதப் பேராசிரியராக இருந்து காட்டுக்குள் குடியேறி, 1978 முதல் 1995 வரை குண்டுகள் அனுப்பியும் வைத்தும் மூன்று பேரைக் கொன்ற அமெரிக்கர். தொழில்நுட்பச் சமூகத்தையே எதிர்த்து அவர் எழுதிய அறிக்கையை இரவோடு இரவாகப் படித்துவிட்டு வந்து, “சார், இவர் சொல்றது கரெக்ட் தானே?” என்று கேட்ட மாணவனை எனக்குத் தெரியும். புத்திசாலிப் பையன். அவன் குமரப்பாவை முதலில் சந்தித்திருந்தால், அந்த அறிக்கையில் இருக்கும் சில நியாயமான கேள்விகளைக் கொலை இல்லாமல் கேட்க முடியும் என்பது அவனுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

மூன்று மணி நேரத்தில் என்ன செய்யலாம்? முதல் மணி நேரம் மில்லும் ரேஷன் அரிசியும். பக்கத்து மில்லுக்கே கூட்டிப் போய்விட்டால் இன்னும் நல்லது, உமியும் தவிடும் எந்தக் குழாயில் பிரிகின்றன என்று கண்ணால் பார்க்கட்டும். இரண்டாவதில் ராட்டைப் போட்டியின் நிபந்தனைகள், அம்பர் சர்க்கா, ராமச்சந்திரனின் கேள்விகள். மூன்றாவது முழுக்க விவாதம். அதற்கு ஒரு கணக்கும் சேர்க்கலாம். காருக்காகவும் காரிலும் ஒரு சராசரி அமெரிக்கர் ஆண்டுக்கு 1,600 மணி நேரம் செலவழித்து 7,500 மைல் போகிறார், ஆக அவருடைய உண்மையான வேகம் மணிக்கு ஐந்து மைலுக்கும் குறைவு என்று 1970களில் சிந்தனையாளர் இவான் இல்லிச் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கை மாணவர்கள் தங்கள் பைக்குக்குப் போட்டுப் பார்க்கட்டும்: தவணை, பெட்ரோல், சர்வீஸ், அதைக் கட்ட அப்பா உழைத்த மணி நேரம். இல்லிச் தவறு என்று நிரூபித்தால் அதற்கும் முழு மதிப்பெண்.

துறைக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, “வேலைவாய்ப்புக்கு இது எதற்கு? பையன்களுக்கு ஏஐ சொல்லித் தர நேரமில்லை” என்றார் சக ஆசிரியர் ஒருவர். ஏஐ படிக்கிறவனுக்குத்தான் இது அவசரம் என்று நினைக்கிறேன். நாளை அவன் செய்யப்போகும் ஒன்று எந்தத் தவிட்டை உரித்தெடுக்கும் என்று அவனிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. வேலை கொடுக்கிற நிறுவனம் கேட்கப் போவதில்லை. கேட்க மிச்சமிருப்பது நாம்தான், அதுவும் முதலாமாண்டு முடிவதற்குள். அதற்கப்புறம் அவர்களுக்கு நேரமும் இருக்காது, பொறுமையும் இருக்காது.

பாடக் குறிப்பு, விவாதத் தலைப்புகள், மில் உரிமையாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் தமிழில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். கேட்டால் அன்றே அனுப்புகிறேன். புதிதாக எடுப்பவர்களுக்குப் பயிற்சி தேவைப்பட்டால் விடுமுறையில் வந்து எடுக்கவும் தயார், பயணப்படி வேண்டாம். ஒரே ஒரு வேண்டுகோள்: அலகைச் சேர்த்துவிட்டு, கேள்வித்தாளில் ‘ஜே. சி. குமரப்பா — சிறுகுறிப்பு வரைக’ என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு மட்டும் கேட்டுவிடாதீர்கள். கைடு போடுகிறவர்கள் நான்கு வரியில் அவரை முடித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
‘தமிழரும் தொழில்நுட்பமும்’ தாளை விரும்பி எடுத்துவரும்
ஓர் இயந்திரவியல் ஆசிரியர்